சர்வரில் சும்மா கிடக்கும் இரண்டாவது போர்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி ஜவுளிக்கடை, தேவகோட்டை மருத்துவமனை, புதுவயல் அரிசி ஆலை, கானாடுகாத்தான் விடுதி என எதை எடுத்தாலும், பில் போடுவது உள்ளறையில் இருக்கும் ஒரு சர்வரை நம்பித்தான். அந்த சர்வரின் பின்பக்கம் பெரும்பாலும் இரண்டு நெட்வொர்க் போர்ட் (கேபிள் செருகும் துளை) இருக்கும். ஒன்றில் மட்டும் கேபிள் செருகியிருப்பார்கள். அந்தக் கேபிளை எலி கடித்தாலும், கேபிள்கள் வந்து சேரும் சுவிட்ச் என்ற பெட்டி இடியில் போனாலும் எல்லாக் கவுன்டரும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். ஐப்பசியில் மழையும் தீபாவளிக் கூட்டமும் சேர்ந்தே வரும் என்பதால், அதற்கு முன்பே இரண்டு போர்ட்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவது நல்லது. இதை லினக்ஸில் பாண்டிங் என்றும் விண்டோஸில் டீமிங் என்றும் சொல்வார்கள்.

ஒரு கிகாபிட் போர்ட் இரண்டைச் சேர்த்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று சொல்லி விற்கிறார்கள். அந்தக் கணக்கை நம்பிப் பணம் போட வேண்டாம். ஒரு கணினிக்கும் சர்வருக்கும் இடையே ஓடும் ஒரு கோப்புப் பரிமாற்றம் பெரும்பாலான முறைகளில் ஒரே கேபிளில்தான் போகும். ஒரு கிகாபிட்டில் நடைமுறையில் கிடைப்பது நொடிக்கு ஏறக்குறைய 110 மெகாபைட். இரண்டு கேபிள் போட்ட பிறகும் இரவு பேக்கப் அதே வேகத்தில்தான் ஓடும். பல கணினிகள் ஒரே நேரத்தில் கேட்கும்போதுதான் சுமை இரண்டிலும் பிரியும். ஒரே கோப்பு வேகமாகப் போக வேண்டுமானால் இரு முனையிலும் 2.5 கிகாபிட் கார்டும் அதற்கேற்ற சுவிட்சும் போடுங்கள். ஏற்கெனவே இழுத்த கேட் 5இ கேபிளே அதற்குப் போதும். பாண்டிங்கின் உண்மையான பயன் ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்குவதுதான்.

லினக்ஸ் பாண்டிங்கில் 0 முதல் 6 வரை ஏழு மோட் (இயங்கும் முறை) உண்டு. நம் ஊர்க் கடைகளில் இருக்கும் சாதாரண சுவிட்சுக்கு ஏற்றது மோட் 1, அதாவது ஆக்டிவ் பேக்கப். ஒரு போர்ட் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். சுவிட்சில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மோட் எதுவும் குறிப்பிடாமல் விட்டால் மோட் 0 வந்து உட்கார்ந்துவிடும். அது பாக்கெட்டுகளை (தரவின் சிறு துண்டுகளை) மாறி மாறி இரண்டு கேபிளிலும் அனுப்பும். வரிசை குலைந்து வந்து சேர்வதால் திரும்பத் திரும்ப அனுப்ப நேரும். ஒரே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) இரண்டு போர்ட்டில் தெரிவதால் சாதாரண சுவிட்சும் குழம்பிவிடும். மோட் 4 என்பது எல்ஏசிபி, அதாவது சர்வரும் சுவிட்சும் தமக்குள் பேசிக்கொண்டு போர்ட்டுகளைச் சேர்க்கும் முறை. அதற்கு அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் கட்டாயம். அந்த இரு போர்ட்டையும் சுவிட்சிலும் ஒரே குழுவாக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான இடம் மிமான் (miimon) என்ற எண். கேபிளில் உயிர் இருக்கிறதா என்று எத்தனை மில்லி நொடிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. இது 0 என்று இருந்தால் கண்காணிப்பே நடக்காது. ஆக்டிவ் பேக்கப்பில் அப்படியே விட்டால் கேபிள் அறுந்தது சர்வருக்குத் தெரியாது. மாற்றுப் போர்ட் கையில் இருந்தும் பயன்படாது. 100 என்று வையுங்கள். ஆனால் மிமான் பார்ப்பது பக்கத்துச் சுவிட்ச் வரைதான். அந்தச் சுவிட்சுக்கு அப்பால் அறுந்தால் அதற்குத் தெரியாது. அப்படி இரண்டு சுவிட்ச் தாண்டிக் கவுன்டர் இருக்கும் இடங்களில் மிமானுக்குப் பதிலாக, வேறொரு கருவி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் ஏஆர்பி கண்காணிப்பைப் போட்டு, எப்போதும் அணையாத ஒரு கருவியின் ஐபியை (நெட்வொர்க் முகவரியை) இலக்காகக் கொடுக்க வேண்டும்.

அமைக்கும்போது சர்வர் முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள். தொலைவிலிருந்து செய்தால் பாதியில் இணைப்பு அறுந்து வெளியே நிற்க நேரும். ஐபி முகவரி, இரண்டு போர்ட்டும் சேர்ந்து உருவாகும் பாண்ட்0 என்ற புது இணைப்புக்கு மட்டும்தான். இரண்டு போர்ட்டுகளில் இருந்த பழைய ஐபிகளை எடுத்துவிட வேண்டும். பாண்டிங்கே இல்லாமல் இரண்டு போர்ட்டுக்கும் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு ஐபி கொடுத்து வைப்பதையும் பல இடங்களில் பார்க்க முடிகிறது. ஒரு போர்ட்டுக்கு வந்த கேள்விக்கு மற்றப் போர்ட் பதில் சொல்லும். காரணம் புரியாமல் அவ்வப்போது பில்லிங் தொங்கும்.

முடிந்ததும் ப்ராக் கோப்பகத்தில் நெட், அதற்குள் பாண்டிங், அங்கே பாண்ட்0 என்ற கோப்பைத் (/proc/net/bonding/bond0) திறந்து பாருங்கள். 'கரண்ட்லி ஆக்டிவ் ஸ்லேவ்' என்ற வரியில் இப்போது வேலை செய்யும் போர்ட் தெரியும். கீழே ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'லிங்க் ஃபெயிலியர் கவுன்ட்' இருக்கும். அது நாளுக்கு நாள் ஏறினால் அந்தக் கேபிள் முனையைக் கிரிம்ப் செய்தது (பிளக்கை அழுத்திப் பொருத்தியது) சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எல்ஏசிபி போட்டவர்கள் 'அக்ரிகேட்டர் ஐடி' (குழு எண்) இரண்டு போர்ட்டுக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்ட்னர் (எதிர்முனைச் சுவிட்சின்) மேக் முகவரி முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் சுவிட்ச் எல்ஏசிபி பேசவே இல்லை என்று பொருள். சுமை பிரிக்கும் முறை இயல்பாக மேக் முகவரியை மட்டும் பார்க்கும். எல்லாமே ஒரு ரௌட்டர் வழியாகப் போகும் இடத்தில் மொத்தமும் ஒரே கேபிளில் போய் முடியும். அதை, ஐபி முகவரியையும் மென்பொருளின் போர்ட் எண்ணையும் பார்க்கும் லேயர் 3+4 என்று மாற்றுங்கள்.

அடுத்தது சோதனை. வேறொரு கணினியிலிருந்து சர்வருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு, வேலை செய்யும் கேபிளைப் பிடுங்குங்கள். ஒன்றிரண்டு பாக்கெட் தொலையலாம், அதற்கு மேல் தொலையக் கூடாது. பிறகு சுவிட்சின் மின்சாரத்தையே நிறுத்திப் பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். மேனேஜ்டு சுவிட்ச் திரும்ப உயிர் பெறும்போது விளக்கு உடனே எரியும், ஆனால் ஸ்பானிங் ட்ரீ (தரவு வட்டமாகச் சுற்றாமல் காக்கும் வசதி) காரணமாகச் சுமார் 30 நொடி எதையும் கடத்தாது. பிரைமரி (முதன்மை) என்று ஒரு போர்ட்டைக் குறித்து வைத்திருந்தால் சர்வர் விளக்கைப் பார்த்ததும் அந்தப் போர்ட்டுக்குத் தாவி, அந்த 30 நொடியும் ஊமையாகிவிடும். சுவிட்சில் சர்வர் செருகிய போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் (இந்தக் காத்திருப்பு இல்லாத போர்ட்) ஆக்குங்கள், அல்லது பிரைமரி குறிக்காமல் விடுங்கள்.

இரண்டு கேபிளையும் ஒரே சுவிட்சில் செருகினால் பாதி வேலைதான் முடிந்தது. தனித்தனிச் சுவிட்ச், முடிந்தால் தனித்தனி யுபிஎஸ், இரு சுவிட்சுக்கும் இடையே ஓர் இணைப்பு என்று இருக்க வேண்டும். கவுன்டர்களையும் இரண்டு சுவிட்சுக்குமாகப் பிரித்துச் செருகினால், ஒரு சுவிட்ச் போனாலும் பாதிக் கவுன்டராவது ஓடும். கேபிள்கள் போகும் பாதையும் வேறாக இருப்பது நல்லது. முகப்பில் வரவேற்பும் கடைசிக் கட்டில் அலுவலகமுமாக, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் செட்டிநாட்டு வீடுகளில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. வளவின் ஓரமாகச் சுற்றி வளைத்து இழுக்கும்போது நேர்த்தூரத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது. திறந்த முற்றத்தையோ, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றையோ தாண்டும் இடத்தில் செம்பைத் தவிர்த்து ஃபைபர் போடுங்கள். இடி மின்னலில் செம்பு வழியே பாயும் மின்னழுத்தம் இரண்டு போர்ட்டையும் சேர்த்தே எரித்துவிடும். அப்போது எந்தப் பாண்டிங்கும் உதவாது.

விண்டோஸ் சர்வர் 2012 முதல் டீமிங் உள்ளேயே வருகிறது. அதில் 'சுவிட்ச் இண்டிபெண்டன்ட்' என்பதைத் தேர்ந்து, ஒரு கார்டை ஸ்டாண்ட்பை ஆக்கினால் ஆக்டிவ் பேக்கப் போலவே நடக்கும். விண்டோஸ் 10, 11-இல் மைக்ரோசாஃப்ட் இந்த வசதியைத் தருவதில்லை. இரண்டு இன்டர்நெட் இணைப்பை ஒன்றாக்க வேண்டுமென்று கேட்பவர்களுக்கும் இது உதவாது. அதற்கு இரண்டு வேன் (WAN, இன்டர்நெட் இணைப்பு செருகும்) போர்ட் உள்ள ரௌட்டர் தனியாக வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினி நெட்வொர்க் பராமரிப்பாளர்,
காரைக்குடி