பாப்பாவை அழகர்மலைக்கு அனுப்பி வை

மதுரை

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் காலையில் நாகமலை அடிவாரம் வரை போய்விட்டு வருகிறேன்.

பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். யானை பார்க்கலாம் என்று வன உயிரியல் படிக்கப் போனால் செடிக்குப் பேர் எழுதச் சொல்கிறார்கள் என்று முணுமுணுக்கிறாளாமே! யானைக்குப் பொழுதில் பாதிக்கு மேல் தின்பதிலேயே போகிறது. என்ன தின்கிறது என்று தெரியாமல் இவள் எதை ஆராய்வாள்? சாணத்தை அலசி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இலைத்தோலின் துணுக்குகள் தெரியும். அது எந்தச் செடி என்று சொல்ல, பேர் தெரிந்த செடிகளின் மாதிரிகள் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

நாம் காலேஜில் பூவை அறுத்து, சூல்பைக்குள் எத்தனை அறை என்று எண்ணிப் படித்தோம். அவள் அதில் தொடங்க வேண்டாம். பூ வருஷத்தில் சில வாரம்தான். மான் அதுவரை காத்திருந்தா மேய்கிறது? இலை, முள், பட்டை, வாசனை இவற்றை வைத்தே அவள் பேர் சொல்லப் பழக வேண்டும். வில்வத்துக்கும் மாவிலங்கத்துக்கும் மூன்று மூன்றாகத்தான் இலை. வில்வ இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் மின்னும், கிளையில் முள்ளும் உண்டு. மாவிலங்கத்தில் இரண்டும் கிடையாது. எதிரெதிர் இலை, இரண்டு காம்புக்கும் நடுவே தண்டில் சின்னச் செதில் என்றால் நுணாவின் குடும்பம் என்று சந்தேகப்படலாம். இட்லிப்பூவும் காப்பிச் செடியும் அதில்தான் சேர்த்தி. இப்படிக் குடும்பம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. பால் வடிகிறதா என்று காம்பைக் கிள்ளிப் பார்க்கட்டும், ஆனால் அந்தக் கையைக் கண்ணில் வைக்கக் கூடாது. எருக்கம்பால் பொல்லாதது.

புல்தான் கஷ்டம். கதிர் இல்லாத புல்லைப் பார்த்து எனக்கே பேர் வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதிர் விடும்போதே எடுத்துப் பேப்பரில் அழுத்தி வைத்துக்கொண்டால்தான் உண்டு. புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் எதையும் பறிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவை.

செல்போன் ஆப் சொல்லும் பேரை உடனே நோட்டில் எழுதிவிட வேண்டாம். அதைவிட ஆடு மேய்ப்பவர்கள் பின்னால் ஒரு நாள் நடக்கட்டும். எந்தத் தழையை ஆடு விரும்பும், எதை முகர்ந்துவிட்டு நகரும் என்று அவர்களுக்கு அத்துப்படி. ஊருக்கு ஊர் பேர் மாறும், அதனால் பக்கத்திலேயே லத்தீன் பேரையும் குறித்துக்கொள்ளச் சொல்.

கார்த்திகையில் லீவு கிடைத்தால் அனுப்பி வை. அழகர்மலையில் நூபுரகங்கைப் பாதை, அப்புறம் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவித்தார்களே, அதே ஊர்தான். வரும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கி வரட்டும். என்னுடையதைப் பேரன் எங்கேயோ போட்டுவிட்டான்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி