கத்தரிக் கன்றுகளைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

தோட்டத்து உறவுகளுக்கு வணக்கம்.

இன்று காலை என் பாத்தியில் முதல் கத்தரிக்காய்களைப் பறித்தேன். ஆறு காய். கூடையில் போடும்போது மே மாதத்து அந்த ஞாயிறு இரவுதான் நினைவுக்கு வந்தது. அன்று நீங்கள் வந்திராவிட்டால் இந்தக் கூடைக்கு வேலையே இருந்திருக்காது.

ரொறன்ரோவில் மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறை கழிந்து, உறைபனிப் பயம் தணிந்த பிறகுதான் கத்தரி, மிளகாய், வெண்டி எல்லாம் நிலத்துக்குப் போகவேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வாரமாக வெயில் 24 பாகை வரை ஏறியதும் மனம் பொறுக்கவில்லை. பெப்ரவரியில் விதை போட்டு ஜன்னலோரம் வைத்து வளர்த்த கன்றுகளை முன்கூட்டியே நட்டுவிட்டேன்.

அன்றிரவு 3 பாகை என்றுதான் தொலைபேசி காட்டியது. பூச்சியத்துக்குக் கீழே போகாது என்று நம்பியிருந்தேன். பக்கத்துப் பாத்தி அண்ணாதான் பின்னேரம் அழைத்தார். "தங்கச்சி, வானத்தைப் பார். ஒரு முகில் இல்லை, காத்தும் இல்லை. இண்டைக்குக் கட்டாயம் உறையும்." அந்த 3 பாகை ஆள் உயரத்தில் அளப்பது, தெளிந்த இரவில் நிலத்தை ஒட்டி அதைவிடக் குளிரும், எங்கள் தோட்டம் ஓடைக்கரைப் பள்ளத்தில் இருப்பதால் குளிர்காற்று வழிந்து வந்து இங்கேதான் தேங்கும் என்று விளக்கினார். அண்ணா, அந்த ஒரு அழைப்புக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

நான் போய்ச் சேருமுன்பே இத்தாலியத் தாத்தா என் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஈர மண் பகல் சூட்டைக் கூடுதலாகப் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடுமாம். நான் பிளாஸ்டிக் விரிப்புகள் கொண்டு போயிருந்தேன். அக்கா அதைத் தொடவே விடவில்லை. பிளாஸ்டிக் இலையில் பட்டால் பட்ட இடமெல்லாம் கருகும் என்றார். அப்புறம் தன் காரிலிருந்து ஒரு கட்டுப் பழைய சாரங்களை (லுங்கிகளை) இறக்கினார். தடி ஊன்றி, சாரத்தை நிலம் வரை இழுத்துவிட்டு, ஓரமெல்லாம் கல் வைத்தோம். வெளிச்சம் பிடித்து நின்ற தம்பிமார் இருவருக்கும் மறுநாள் பரீட்சை இருந்தது என்று பிறகுதான் அறிந்தேன்.

விடியப் போய்ப் பார்த்தால் சாரங்கள் கஞ்சி போட்டது போல விறைத்திருந்தன. மேலே வெள்ளைத் தூள். வெளியே விடுபட்ட துளசிச் செடி ஒன்று வெந்த கீரை மாதிரிக் கறுத்துச் சாய்ந்திருந்தது. கொத்தமல்லிக்கும் பட்டாணிக்கும் ஒன்றுமில்லை, அவை குளிர் தாங்குகிறவை. வெயில் ஏறியதும் பயந்து பயந்து ஒரு சாரத்தைத் தூக்கினேன். கத்தரிக் கன்று பச்சையாக, நிமிர்ந்து நின்றது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அக்கா, ஒக்டோபர் உறைபனிக்கும் உதவும் என்று நீங்கள் விட்டுப்போன சாரங்களைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். ஆறு காயையும் பொரித்துக் குழம்பு வைக்கிறேன். தாத்தாவுக்கு உறைப்புக் குறைத்து, தனிச்சட்டியில்.