வரிசையில் நிற்கக் கூசும் பெரியவர்களுக்காக ஒரு திறந்த மடல்

முதியோருக்கான உணவு உதவித் திட்டங்களை நடத்தும் அதிகாரிகளுக்கும், அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கும், தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

உணவு இருக்கிறது, நிதியும் ஓரளவு இருக்கிறது, தகுதியுள்ள பெரியவர்கள்தான் வருவதில்லை என்று வருந்துகிறீர்கள். அதற்கு மருந்தாக விழிப்புணர்வு முகாம், துண்டறிக்கை, உரை என்று ஏற்பாடு செய்து, "வெட்கப்படாதீர்கள்" என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறீர்கள். அந்த வெட்கத்தில் பெரும்பங்கு நாம் உதவி கொடுக்கும் விதத்தால் வருவது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மறுக்கிறவர்கள் சொல்வதைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். "உழைச்சுச் சாப்பிட்டுப் பழகின கை இது." "பிள்ளைங்க காதுக்குப் போனா என்ன நினைப்பாங்க?" "எனக்கு வேணாம், என்னைவிட இல்லாதவங்களுக்குக் கொடுங்க." முதலாவது தன்மானம். இரண்டாவது, பெற்றவர்களைக் கவனிக்கவில்லை என்ற பழி பிள்ளைகள்மேல் விழுந்துவிடுமோ என்ற பயம். மூன்றாவது நியாய உணர்வு. அதற்கு நேர்மையான பதில் வேண்டும். தகுதியுள்ள எல்லோருக்கும் உண்டு என்று சட்டம் உறுதியளித்த திட்டமென்றால், ஒருவர் வாங்குவதால் இன்னொருவர் பங்கு குறையாது. இதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நன்கொடையில் நடக்கும் இடத்தில் அப்படிச் சொன்னால் அது பொய். அங்கே எவ்வளவு வருகிறது, யாருக்கெல்லாம் போகிறது என்று கணக்கைத் திறந்து காட்டுங்கள்.

"எனக்குப் பசியே இல்லை" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதானால் பசியுணர்வு மங்குவது உண்மைதான். ஆனால் தேவை அந்த அளவுக்குக் குறைவதில்லை. பொதுவாக வயதுவந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பார்கள். முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது முதுமை மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. அது கிடைக்காவிட்டால் தசை கரைகிறது, கால் தடுமாறுகிறது, விழுந்தால் எழுவது கடினமாகிறது. இன்சுலின் போட்டுக்கொண்டு ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர்த்தாலே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சாப்பாட்டில் மிச்சம் பிடித்து மருந்து வாங்குகிற பெரியவருக்கு அந்த மருந்தே எதிரியாகிறது.

இந்தத் தயக்கம் நம் காலத்தில் முளைத்ததல்ல. பிரிட்டனில் உதவி கேட்டு வந்த ஏழைகளை இழிவாக நடத்திய பழைய ஏழைச் சட்டம் 1948-ல் ஒழிக்கப்பட்டு, தேசிய உதவி என்ற பண உதவித் திட்டம் வந்தது. ஏழைச் சட்டத்தின் நினைவு அதன்மேலும் ஒட்டிக்கொண்டது. தகுதியிருந்தும் முதியோர் பலர் கேட்கவில்லை. 1966-ல் அரசு திட்டத்தின் பெயரையும் நிர்வாகத்தையும் மாற்றி, இது உங்கள் உரிமை என்று அறிவித்தது. பிறகும் பலர் ஒதுங்கியே இருந்தார்கள். வருமானத்தைத் துருவிக் கேட்கும் விசாரணை மட்டும் தொடர்ந்தது.

அமெரிக்காவில் 1972-ல் வந்த முதியோர் உணவுச் சட்டம் வேறு வழியில் போனது. 60 வயதானால் போதும், வருமானச் சான்று தேவையில்லை. பொது இடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். விரும்பினால் இயன்றதைக் கொடுக்கலாம், கொடுக்காதவருக்கும் சாப்பாடு உண்டு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இல்லாதவரா, பேச்சுத்துணைக்கு வந்தவரா என்று யாருக்கும் தெரியாது என்பதுதான். அதே நாட்டின் உணவுக் கூப்பன் திட்டத்தில், கடையில் எல்லோர் கண்ணிலும் படும் காகிதக் கூப்பனுக்குப் பதிலாக 2004-க்குள் எல்லா மாநிலங்களிலும் வங்கி அட்டை போன்ற ஒன்று வந்துவிட்டது. கடையில் படும் கூச்சம் குறைந்தது, ஆனால் அட்டைக்கு முன்னால் விண்ணப்பம் என்ற படி இருக்கிறது. தகுதியுள்ள முதியோர் அதில் சேரும் விகிதம் மற்ற வயதினரைவிட இன்றும் குறைவுதான்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

முதலில் அந்தப் புகைப்படத்தை நிறுத்துங்கள். பொட்டலத்தை ஒரு கையால் நீட்டி, "இங்கே பாருங்கம்மா" என்று கேமராவைக் காட்டும் வழக்கத்தைவிடக் கொடுமையான வாசற்காவல் வேறில்லை. அந்தப் படம் பேரப்பிள்ளையின் கைபேசி வரைக்கும் போகும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அடுத்த முறை அவர் வரமாட்டார். நன்கொடையாளருக்குச் சான்று வேண்டுமென்றால் கணக்கையும் ரசீதையும் அனுப்புங்கள், முகத்தை அனுப்பாதீர்கள். சம்மதம் கேட்டுத்தான் எடுத்தோம் என்று சொல்லாதீர்கள். சாப்பாடு உங்கள் கையில் இருக்கும்போது அவர் எப்படி மறுப்பார்?

விண்ணப்பத்தைச் சுருக்குங்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவரின் வருமானம் பெரிதாக மாறப்போவதில்லை. அடிக்கடி அழைத்து ஏழ்மையை நிரூபிக்கச் சொல்வது எதற்கு? பிள்ளைகள் ஏன் பார்த்துக்கொள்வதில்லை என்ற கேள்வி சட்டப்படி அவசியமில்லையென்றால், கேட்கவே கேட்காதீர்கள். வெயிலில் நிற்கும் வரிசைக்குப் பதில் நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். எதைச் சாப்பிடுவது என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பல்லில்லாதவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் ஒரே பொட்டலம் ஒத்துவராது.

மருத்துவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடந்த ஓராண்டில் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா, அப்படித் தீர்ந்து வாங்கப் பணமில்லாமல் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளால் பல மருத்துவமனைகள் உணவுக்குத் திண்டாடுகிறவர்களைக் கண்டறிகின்றன. வருகிற எல்லாரிடமும் கேட்க வேண்டும். உடையைப் பார்த்து ஆள் பிரித்துக் கேட்டால் அதுவே அவமானம்.

உணவும் முதுமைக்காலப் பாதுகாப்பும் மனித உரிமை என்று 1948-ன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையை வாங்க வருகிறவரை எப்படி வரவேற்போமோ அப்படி வரவேற்க உங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். திட்டத்தைத் தீட்டும் குழுவில், உதவி பெறுகிற பெரியவர்களுக்கு வாக்குரிமையோடு இடம் கொடுங்கள். அடுத்த விண்ணப்பப் படிவம் அச்சுக்குப் போகும் முன் அவர்கள் அதை வாசித்து, எந்தக் கேள்வி உறுத்துகிறதோ அதை அடித்துவிடட்டும்.

அன்புடன்,
உங்கள் பணியில் அக்கறையுள்ள ஒருவர்