கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து விற்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை தேடினாலும் ஒரே ஒரு ஆச்சி, சில வீட்டில் துணைக்கு ஒரு ஐயா. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தால், மறுபடி டாக்டரைப் பார்க்க மாதக்கணக்காகும். நடுவில் அந்தப் பாட்டிலைப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அதே மருந்தையே வேறு கம்பெனியில் மாற்றித் தருவது உண்டு. சொல்லாமல் தருவதுதான் வினை. ஆச்சிக்கு மருந்தின் பெயர் தெரியாது, மூடியின் நிறம்தான் தெரியும். வேறு மூடி வந்தால் அது வேறு மருந்து என்று நினைத்து, மீதமிருக்கும் பழையதையும் சேர்த்துப் போடுகிறார்கள். ஒரே மருந்து இரண்டு மடங்கு. "இது அதேதான் ஆச்சி, பழசு முடிஞ்ச பிறகு இதைப் பிரிங்க" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

கண் பிரஷருக்கான டிமோலால் சொட்டு மருந்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். கண்ணில் விட்டது மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும். வீசிங் இருப்பவருக்கு மூச்சு இழுக்கும், நாடித்துடிப்பும் குறையலாம். கொடுக்கும்போதே ஆஸ்துமா, இதயக் கோளாறு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் டாக்டருக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். ஒரு சொட்டு போதும், கண்ணுக்குள் அதற்கு மேல் நிற்காது, கன்னத்தில்தான் வழியும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து. பாட்டில் முனை இமையில் படக்கூடாது.

அப்புறம் ஃபிரிட்ஜ். கண் பிரஷருக்கான இன்னொரு சொட்டு மருந்து லாட்டனோபிராஸ்ட். அதன் அட்டையில் 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருந்தால், சித்திரை வெயிலில் அதை அலமாரியில் வைத்து விற்காதீர்கள். பிரித்தபின் எத்தனை வாரம் என்பதும் அட்டையிலேயே இருக்கும், ஆனால் கடுகு அளவு எழுத்து. பிரிக்கும் தேதியை எழுத ஒரு இடம் விட்டு, மார்க்கரில் பெரிதாக நாள் கணக்கைப் போட்டுக் கொடுங்கள்.

கண் சிவந்திருக்கிறது என்று வருகிறவருக்குச் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை எடுத்து நீட்டும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. கோபத்தோடுதான் சொல்கிறேன், அதை விடுங்கள். சிவப்பு இரண்டு நாளில் போய்விடும். ஆனால் அந்த மருந்தை நாள்பட விட்டால் கண் பிரஷர் ஏறலாம். ஏறுவது வலிக்காது என்பதால் அவருக்கும் தெரியாது. பிரஷரால் கண் நரம்பு கெட்டுப் போன பார்வை எந்த ஆபரேஷனிலும் திரும்பாது.

கடைசியாக, ஸ்டாக் இல்லாத நாள். நாளைக்கு வந்துவிடும் என்றால் சரி. "அடுத்த வாரம் வாங்க" என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அந்த ஒரு வாரமும் மருந்தில்லாமல்தான் இருப்பார்கள், இன்னொரு கடை தேடி வெயிலில் அலைய மாட்டார்கள். பக்கத்துக் கடைக்கு நீங்களே ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்கள்.