செல் வளர்ப்பு அறைக்குத் தடையில்லா மின்சாரம் வேண்டி

மதிப்புக்குரிய பதிவாளர் அவர்களுக்கும் நிதிக் குழு உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

சனிக்கிழமை இரவு மறுபடியும் கரண்ட் போனது. எங்கள் அறைக்கு ஜெனரேட்டர் கேட்ட கோப்பு எங்கே நிற்கிறது என்பது தங்களுக்கே தெரியும். அதனால் பழைய கதையை விட்டுவிடுகிறேன்.

காலையில், செல்களை உடல் சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியின் திரையில் 37-க்குப் பதில் 31 டிகிரி. 5 சதவீதம் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோய், தட்டுகளில் இருந்த செந்நிற வளர்ப்புத் திரவம் காரமாகி ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. நுரையீரல் செல்களில் பாதி பிடி விட்டு மிதந்தன.

செத்தவை போகட்டும், உயிரோடு இருப்பவைதான் பெரிய சிக்கல். நாங்கள் ஆராயும் இன்ஃபுளூயன்சா (ஃப்ளூ) வைரஸ் செல்லின் சமிக்ஞைப் பாதைகளை, அதாவது புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிச் செய்தி கடத்தும் வழிகளை, தன் வேலைக்கு வளைத்துக்கொள்கிறது. அதன் என்எஸ்1 புரதம் செல்லின் பிஐ3கே நொதியைப் பற்றிக்கொண்டு, செல்லைச் சாகாமல் காக்கும் ஏகேடி புரதத்தைத் தூண்டுகிறது. செல் சாவது தள்ளிப்போகிறது, வைரஸுக்குப் பெருக நேரம் கிடைக்கிறது. கடைசியில் ராஃப், மெக், எர்க் என்ற மூன்று நொதிகள் வரிசையாகத் தூண்டும் பாதை இயங்கினால்தான் வைரஸின் புதிய மரபணுப் பொதிகள் உட்கருவை விட்டுச் சரிவர வெளியேறும். மெக்கைத் தடுத்தால் அவை உள்ளேயே சிக்கிவிடும் என்று 2001-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் காட்டினார்கள். இப்படிச் செல்லின் பாதையைக் குறிவைக்கும் மருந்திலிருந்து உருமாறித் தப்புவது வைரஸுக்குக் கடினம். நாங்கள் இந்த ஆய்வில் இறங்கியதே அதற்காகத்தான்.

இந்தப் பாதைகளில் சுவிட்ச் போல வேலை செய்வது புரதங்களில் பாஸ்பேட் ஒட்டுவதும் கழல்வதும்தான்; அவை நிமிடக் கணக்கில் நடப்பவை. சூடு குறைந்தாலும் காரம் ஏறினாலும் செல்லின் சமிக்ஞைகள் மாறிவிடும். புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் ‘பிளாட்’ சோதனையில் ஒரு பட்டை அடர்த்தியாகத் தெரிந்தால், அது வைரஸ் செய்ததா, மின்வெட்டு செய்ததா? ஆய்விதழ் கேட்டால் என்ன பதில் எழுதுவேன்? செல் வளர்ப்பு அறைக்குத் தனி ஜெனரேட்டர் இணைப்பு கொடுங்கள்.

கொரோனா காலத்தில் வைரஸ் ஆய்வின் அவசியத்தை எத்தனை மேடைகளில் பேசினோம்! இன்று நுழைவாயில் வளைவுக்குப் பணம் இருக்கிறது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராததால் மாணவர்கள் சொந்தக் காசில் பிப்பெட் முனை வாங்குகிறார்கள். இதை எந்தக் கூட்டத்திலாவது பேசினீர்களா?

சரி, அது தனி மனுவாக வரும். இப்போது கேட்பது ஒன்றுதான். கலையரங்க ஜெனரேட்டரிலிருந்து எங்கள் அறைக்கு ஒரு லைன் இழுத்தால்கூடப் போதும். அதுவரை இன்குபேட்டருக்கு ஒரு யூபிஎஸ். அடுத்த நிதிக் குழுக் கூட்டத்துக்குள் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வைரஸ் ஆய்வகத்தின் முனைவர் பட்ட மாணவி