டபுள் கிளிக் செய்யும் முன்: புதிய பதிப்பை இன்ஸ்டால் செய்வோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்பு வெளியானதில் இருந்து சப்போர்ட் எண்ணுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான். "டவுன்லோடு செய்தேன், ஆன்டிவைரஸ் ஏதோ எச்சரிக்கை காட்டுகிறது, அப்படியே போடலாமா?" போடுங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் கணினியில்தான் உங்கள் ஸ்டாக், பற்று வரவு, ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் இருக்கிறது. உங்களிடம் இருக்கும் ஃபைல் நாங்கள் வெளியிட்டதா, வழியில் யாரோ மாற்றியதா என்பது ஃபோனில் பேசும் எங்களுக்குத் தெரியாது. நீங்கள் பார்த்தால் தெரியும். எப்படிப் பார்ப்பது என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் ஆட்கள் யாரும் உங்களை ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது அப்படிக் கேட்டால் ஃபோனை வைத்துவிட்டு, உங்கள் இன்வாய்ஸில் இருக்கும் எங்கள் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். திருட்டு மென்பொருள் தரும் தளங்களில் இதைப் பார்க்கலாம்: ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள், அந்தப் பாஸ்வேர்டைப் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருப்பார்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது. அதற்காகத்தான் அந்தப் பூட்டு.

சரி, ஃபைலை யார் வெளியிட்டது என்று காட்டுவது அதில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து. அதற்கு வருவோம். ஆடிட்டர் அலுவலகத்தில் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) டோக்கனைப் பார்த்திருப்பீர்கள். பென் டிரைவ் மாதிரி இருக்கும். அதைச் செருகி ரகசிய எண்ணைப் போட்டால்தான் கையெழுத்து விழும். மென்பொருளுக்குப் போடும் கையெழுத்தும் இதே தொழில்நுட்பம்தான். சான்றிதழ் வழங்கும் நிறுவனம் எங்கள் பதிவு ஆவணங்களைப் பார்த்து, எங்கள் பெயருக்கு ஒரு சான்றிதழ் தருகிறது. 2023 ஜூன் 1 முதல் அதற்கான சாவி, அதாவது கையெழுத்துப் போட உதவும் ரகசியக் குறியீடு, இப்படி ஒரு பாதுகாப்புக் கருவிக்குள்தான் இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் கணினியில் ஒரு சாதாரண ஃபைலாக வைத்துக்கொள்ள முடிந்தது, திருடுவதும் சுலபமாக இருந்தது. செட்டப் ஃபைல் தயாரானதும் அந்தச் சாவியால் கையெழுத்திட்டுத்தான் வெளியிடுகிறோம். அப்புறம் யாராவது உள்ளே நிரலில் கைவைத்தால் கையெழுத்து செல்லாமல் போய்விடும்.

பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். டவுன்லோடு ஜிப்பாக வந்திருந்தால் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து ஜிப்பின் மேல் இருக்காது, உள்ளே இருக்கும் செட்டப் ஃபைலில்தான் இருக்கும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்று ஒரு டேப் இருக்கும். அந்த டேப்பே இல்லையென்றால் ஃபைலில் கையெழுத்தே இல்லை. எங்கள் ஃபைல் என்று சொல்லி வந்தது அப்படி இருந்தால் அது எங்களுடையது அல்ல, அழித்துவிடுங்கள். டேப்பில் எங்கள் பெயரைப் பார்த்ததும் பலர் திருப்தியாகி மூடிவிடுகிறார்கள். அது போதாது. கையெழுத்து செல்லாமல் போயிருந்தாலும் அந்தப் பட்டியலில் பெயர் தெரியும். பெயரைத் தேர்ந்தெடுத்து 'டீடெயில்ஸ்' பட்டனை அழுத்துங்கள். மேலே 'திஸ் டிஜிட்டல் சிக்னேச்சர் இஸ் ஓகே' என்று வந்தால்தான் சரி.

அடுத்து அந்தப் பெயரைப் படியுங்கள். எங்கள் விஷயத்தில், நாங்கள் தந்த ஜிஎஸ்டி இன்வாய்ஸில் இருக்கும் நிறுவனப் பெயர்தான் அங்கேயும் இருக்கும். ஏதோ ஒரு கையெழுத்து இருக்கிறது என்பதால் மட்டும் ஃபைல் நல்லதாகிவிடாது. பெயருக்கு ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, முறையாகச் சான்றிதழ் வாங்கி, வைரஸுக்குக் கையெழுத்துப் போடும் கூட்டமும் உண்டு. சப்போர்ட்டுக்காக உங்கள் கணினியைத் தூரத்தில் இருந்து பார்க்க நாம் பயன்படுத்தும் எனிடெஸ்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஜெர்மன் நிறுவனம். தங்கள் சர்வர்களுக்குள் ஆட்கள் புகுந்துவிட்டதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். பழைய கையெழுத்துச் சான்றிதழை ஒதுக்கிவிட்டு, 8.0.8 பதிப்பில் இருந்து புதியதற்கு மாறினார்கள். முன்பு 'ஃபிலாண்ட்ரோ சாஃப்ட்வேர்' என்று இருந்த பெயர் அதில் 'எனிடெஸ்க் சாஃப்ட்வேர்' என்று ஆனது. உங்கள் கணினியில் பழைய பெயரோடு ஒரு எனிடெஸ்க் இன்னும் கிடந்தால் அதை நீக்கிவிட்டு, அவர்கள் தளத்தில் இருந்து புதியதை எடுங்கள். கூகுள் தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தி எடுக்க வேண்டாம். பிரபலமான இலவச மென்பொருள்களின் பெயரில் போலித் தளங்களுக்கு அங்கே விளம்பரம் கொடுத்து ஏமாற்றுவது பலமுறை நடந்திருக்கிறது.

டீடெயில்ஸ் வரை போனவர்கள் சிலர் இன்னொன்றும் கேட்டார்கள்: "சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதே, ஃபைல் செல்லுமா?" செல்லும். நாங்கள் கையெழுத்திடும்போதே நேர முத்திரை ஒன்றும் சேர்ந்து பதிவாகிறது. சான்றிதழ் உயிரோடு இருந்த நாளில் போட்ட கையெழுத்து என்று அதை வைத்து விண்டோஸ் தெரிந்துகொள்கிறது. காலாவதி வேறு, ரத்து வேறு. ரத்து செய்யப்பட்டது என்று வந்தால் தொடவே வேண்டாம்.

கையெழுத்தே இல்லாத நல்ல மென்பொருளும் உண்டு. ஜிப் ஃபைலைப் பிரிக்கும் 7-ஜிப் பல வருடங்களாகக் கையெழுத்து இல்லாமலேயே வந்துகொண்டிருக்கிறது, உலகமே நம்பிப் பயன்படுத்துகிறது. அந்த மாதிரி ஃபைலுக்கு ஹேஷ் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. எஸ்எச்ஏ-256 என்பது ஃபைலைக் கணக்கிட்டு வரும் 64 எழுத்துகள். ஃபைலில் சிறிது மாறினாலும் அது முழுக்க மாறிவிடும். 7-ஜிப் போட்டிருந்தால் ரைட் கிளிக் மெனுவிலேயே எஸ்எச்ஏ-256 பார்க்கும் வசதி இருக்கிறது. 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மென்பொருளின் டவுன்லோடு சர்வர்களில் ஒன்றில் யாரோ புகுந்து, மேக் கணினிக்கான ஃபைலை வைரஸோடு மாற்றி வைத்துவிட்டார்கள். நான்கு நாட்கள் அது அங்கேயே இருந்தது. ஹேஷை ஒப்பிட்டவர்களுக்கு அது வேறு ஃபைல் என்று தெரிந்திருக்கும். ஆனால் தளத்துக்குள் புகுந்தவரால் அங்கே எழுதியிருக்கும் ஹேஷையும் மாற்ற முடியும். அதனால்தான் எங்கள் புதிய பதிப்பின் ஹேஷைத் தளத்தில் மட்டும் போடாமல் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் அனுப்புகிறோம். உங்கள் ஃபைலின் ஹேஷ் இந்த இரண்டோடும் ஒத்துப்போக வேண்டும்.

இப்போது ஆன்டிவைரஸ். எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்தின் ஃபைல் உலகத்தில் சில நூறு கணினிகளில்தான் இருக்கும். அதை இதுவரை பார்த்தே இராத ஆன்டிவைரஸ் சந்தேகப்படுவது இயல்பு. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் காட்டும் பெயரின் கடைசியில் 'எம்எல்' என்று இருந்தால் பல ஃபைல்களைப் பார்த்துப் பழகிய நிரல் ஒன்று (இயந்திரக் கற்றல்) ஊகித்துச் சொன்னது என்று பொருள். 'வகாடாக்' என்ற பெயர் இப்படி அடிக்கடி வரும். 'ஹியூர்', 'ஜென்' என்று வருவதும் ஏறக்குறைய இதே ரகம். இதையே சாக்காக வைத்து, எச்சரிக்கை எல்லாம் பொய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊகமும் பல நேரம் சரியாகவே இருக்கும்.

ஒரே ஆன்டிவைரஸின் பேச்சை மட்டும் கேட்க வேண்டாம் என்றால் வைரஸ்டோட்டல் இருக்கிறது. 2004இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012இல் கூகுள் வாங்கியது. ஒரு ஃபைலைக் கொடுத்தால் சுமார் 70 ஆன்டிவைரஸ்களின் முடிவை வரிசையாகக் காட்டும். எழுபதில் எத்தனை என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையெழுத்து சரியாக இருந்து, அதிகம் கேள்விப்படாத ஒன்றிரண்டு மட்டும் ஊகப் பெயரைக் காட்டினால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். பொறுத்திருந்து எங்களைக் கேளுங்கள். பத்து இருபது சேர்ந்து, அதிலும் பெரிய நிறுவனங்கள் ஒரே வைரஸ் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் யாரையும் கேட்க வேண்டாம், அழித்துவிடுங்கள். ஒன்றுமே காட்டவில்லை என்றால் அந்த ஃபைல் முதன்முதலில் எப்போது அங்கே வந்தது என்று 'டீடெயில்ஸ்' பகுதியில் பாருங்கள். இன்றைக்குத்தான் வந்தது என்றால் அந்தப் பூஜ்யத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை. புது வைரஸை அடையாளம் காண ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்குச் சில நாள் பிடிக்கும்.

இதில் தயவுசெய்து கவனமாக இருங்கள்: வைரஸ்டோட்டலில் ஏற்றும் ஃபைலை அங்கே பணம் கட்டி உறுப்பினராக இருப்பவர்கள் எடுத்துப் பார்க்க முடியும். செட்டப் ஃபைலை ஏற்றலாம். உங்கள் கணக்கு பேக்கப், ஜிஎஸ்டி ஃபைல், ஊழியர்களின் ஆதார் நகல் எதையும் ஏற்றக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஃபைலைக் கொடுக்காமல், அதன் ஹேஷை மட்டும் தேடல் கட்டத்தில் ஒட்டிப் பாருங்கள். ஏற்கெனவே யாராவது ஏற்றியிருந்தால் முடிவு வந்துவிடும்.

கையெழுத்து, ஆன்டிவைரஸ் என்ற இரண்டு சோதனையிலும் தேறிய பிறகும் ஆபத்து வந்த கதை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 2017 ஆகஸ்டில் வந்த சிகிளீனர் என்ற, கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருளின் 5.33 பதிப்புக்குள், தயாரித்த இடத்திலேயே யாரோ புகுந்து கெட்ட நிரலைச் சேர்த்துவிட்டார்கள். கையெழுத்து அசல், தளம் அசல். சிஸ்கோவின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான டாலோஸ் செப்டம்பரில் வெளியே சொல்லும் வரை கிட்டத்தட்ட ஒரு மாதம், சுமார் 22 லட்சம் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அப்படி ஒரு நாளில் உங்கள் கணக்கைக் காப்பாற்றப் போவது, கணினியில் இருந்து கழற்றித் தனியாக வைத்திருக்கும் பேக்கப் மட்டும்தான். தினமும் கடை அடைக்கும் முன் எடுத்துவிடுங்கள். பக்கத்துக் கடையில் இருந்து பென் டிரைவில் எங்கள் செட்டப்பை வாங்கிப் போடுவதையும் விட்டுவிடுங்கள். எங்கள் தளத்தில் எப்போதும் இலவசமாகவே இருக்கிறது.

எச்சரிக்கை வந்து எங்களைக் கூப்பிடும்போது மூன்று விவரம் கையில் இருந்தால் உடனே பார்த்துச் சொல்லிவிடுவோம்: கையெழுத்து டீடெயில்ஸ் பெட்டியின் ஸ்கிரீன்ஷாட், ஆன்டிவைரஸ் காட்டிய முழுப் பெயர், ஃபைலை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது. தவறான எச்சரிக்கை என்று உறுதியானால் அந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு ஃபைலை அனுப்பித் திருத்தச் சொல்வது எங்கள் பொறுப்பு. அவர்கள் திருத்தும் வரை காத்திருங்கள், விதிவிலக்குப் பட்டியலில் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சப்போர்ட் கிடையாது. அன்று சந்தேகம் வந்தால் பழைய பதிப்பிலேயே பில் போடுங்கள், கணக்கில் எதுவும் மாறாது. திங்கள் காலை கூப்பிடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பில்லிங் மென்பொருள் சப்போர்ட் குழு