பெட்டியைப் பிரித்தால் கார் வந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் கார் கட்டுரையில், வெளிநாட்டிலிருந்து பாதி பிரித்தும் (எஸ்.கே.டி.) முழுக்கப் பிரித்தும் (சி.கே.டி.) வரும் கார்களைப் பற்றி ஒரு வரி: "எஸ்.கே.டி., சி.கே.டி. எல்லாம் ஒன்றுதான், பெட்டியைப் பிரித்து நட்டு முடுக்கினால் கார் தயார்." என் பேத்தி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "தாத்தா, நீங்க இத்தனை வருஷமா நட்டுதான் முடுக்கினீங்களா?" என்கிறாள்.

புறநகரில் ஒரு கார் ஆலையில் 22 வருடம் வேலை பார்த்தவன் நான். சி.கே.டி. பெட்டியைத் திறந்தால் கார் என்று ஒன்றும் கண்ணில் படாது. எண்ணெய்த் தாள் சுற்றிய தகடுகள்தான். அவற்றை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் பூட்டி, ஸ்பாட் வெல்டிங் வைத்து, பெயின்ட் ஷாப்பில் முக்கி எடுத்த பிறகுதான் பாடி என்றே சொல்லலாம். கதவு இடுக்கு கொஞ்சம் பிசகினாலும் ஷவர் டெஸ்டில் தண்ணீர் உள்ளே சொட்டும். மேஸ்திரி முகத்தைப் பார்க்க முடியாது. எஸ்.கே.டி.யில் பாடி பெயின்ட் அடித்தே வந்து இறங்கும், எஞ்சினும் கியர்பாக்ஸும் கட்டி முடித்தே வரும். ஏற்றி, இணைத்து, ஓட்டிப் பார்த்தால் சரி. அதற்கு ஒரு ஷெட்டும் எடை தூக்க நாலு ஹாயிஸ்ட்டும் போதும்.

சுங்கத்துறைக்குத் தெரிந்தது உங்கள் நிருபருக்குத் தெரியவில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் கட்டாமல் வந்தால் 2018 பட்ஜெட்டில் வரி 15 சதவீதம். கட்டி வந்து, பாடியில் மட்டும் ஏற்றாமல் இருந்தால், 2023 பட்ஜெட்டில் 30ஐ 35 ஆக்கினார்கள். ஒன்றுதான் என்றால் வரியில் ஏன் இவ்வளவு வித்தியாசமாம்?

சென்னையில் புல்லட் மோட்டார் சைக்கிளையும் 1955இல் இங்கிலாந்து ரெட்டிச்சிலிருந்து வந்த உதிரிகளைக் கோத்துத்தான் ஆரம்பித்தார்கள். 1962க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது. உதிரியாகக் கோத்துப் பழகிய கைகள் செய்த வேலை அது. இதெல்லாம் நீங்கள் அறியாததா?

போன ஆயுத பூஜைக்கு லேத் படத்தைப் போட்டு 'வெல்டிங் இயந்திரம்' என்று எழுதியிருந்தீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன். வெளியிடவில்லை, இடம் இருந்திருக்காது. சொகுசுக் கார் விளம்பரத்துக்கு மட்டும் முழுப் பக்கம் எப்படியோ கிடைக்கிறது. தொழிலாளி படம் என்றால் விபத்து நடந்த மறுநாள்தான்.

போகட்டும். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், மூலையில் இரண்டு வரி போதும். பேத்தி கண்ணில் படுகிற அளவுக்கு எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.

– ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
தாம்பரம்.